பழைய கம்ப்யூட்டருக்கு அப்கிரேடு: முதல் செலவு எதற்கு?

பி.காம் படிக்கிற யாரைக் கேட்டாலும் தேய்மானம் பற்றிச் சொல்லிவிடுவார்கள். அதிலும் கம்ப்யூட்டர் என்றால் தேய்மானத்துக்கென்றே பிறந்த சொத்து. இந்திய வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 40 சதவீதம், அதுவும் குறைந்து செல் மதிப்பு முறையில். 50,000 ரூபாய் கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் ஐந்து ஆண்டு முடிவில் புத்தகத்தில் 3,888 ரூபாய். பத்து ஆண்டு முடிவில் சுமார் 302 ரூபாய். ஒரு பிரியாணிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் 1982இல் வந்த ஒரு கம்ப்யூட்டருக்கு இன்று என்ன மதிப்பு இருக்க முடியும்? ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோர் அந்தக் கால வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்றும் புது போர்டு, புது மெமரி, புது ஆபரேட்டிங் சிஸ்டம் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிலர் கம்ப்யூட்டரின் விலையைவிட அப்கிரேடுக்கு அதிகம் செலவழிக்கிறார்கள். கேட்டால் "கிறுக்கு" என்று சிரித்துக்கொள்வார்கள் :-)

கிறுக்கா இல்லையா என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது, விடுங்கள். இங்கே பேச வேண்டிய விஷயம் வேறு. அந்தப் பணம் எந்த வரிசையில் செலவாகிறது என்பதுதான். முதலில் மெஷின் சாகாமல் பார்க்க வேண்டும். அடுத்து அதை உபயோகிக்கச் சுலபமாக்க வேண்டும். வேகத்தைக் கூட்டுவது கடைசி. எதைச் செய்தாலும் நாளை பழையபடி கழற்றி வைக்க முடிய வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் அப்கிரேடு என்ற பெயரில் நடப்பது அழிவுதான்.

எந்த மெஷின்களைப் பற்றிப் பேச்சு?

இன்றைய தலைமுறைக்கு ஒரு சின்ன அறிமுகம். 1980களில் ஒரு கீபோர்டுக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரையும் வைத்து, அதை வீட்டு டிவியோடு இணைத்துக்கொள்ளும்படி விற்றார்கள். 1982இல் வந்த கமடோர் 64 அதில் பெரிய பெயர். ஆரம்ப விலை 595 டாலர். மெமரி 64 கேபி. வேகம் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். இன்று ஒரு போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவைக்கூட இந்த மெமரியில் வைக்க முடியாது. இருந்தாலும் ஒரு கோடிக்கு மேல் விற்றது.

அதே கமடோர் கம்பெனி 1987இல் ஆமிகா 500ஐயும், 1992இல் ஆமிகா 1200ஐயும் வெளியிட்டது. படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனிச் சிப்புகள், ஒரே நேரத்தில் பல வேலை செய்யும் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று அந்தக் காலத்துக்கு அசத்தலான மெஷின்கள். 1994 ஏப்ரலில் கமடோர் திவாலானது. ஆமிகா தயாரிப்பை எஸ்காம் என்ற ஜெர்மன் கம்பெனி கொஞ்ச நாள் தொடர்ந்தது. அதுவும் 1996இல் திவால்.

அதாவது, பழைய மெஷின்களின் கையிருப்பு ஏறப் போவதில்லை, இறங்க மட்டுமே செய்யும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் வரவுப் பக்கம் மூடிவிட்டது, பற்றுப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு அப்கிரேடையும் பார்க்க வேண்டும்.

முதல் செலவு: சாகாமல் இருக்க

கமடோர் 64க்கு முதல் எதிரி அதன் சொந்தப் பவர் சப்ளை. செங்கல் மாதிரி கனமாக, உள்ளே ரெசின் ஊற்றி மூடப்பட்டது. திறந்து ரிப்பேர் பார்க்க வழியில்லை. அதற்குள் இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் பழசாகிக் கெட்டுப்போகும்போது மின்சாரம் நிற்பதில்லை, 5 வோல்ட்டுக்கு மேலே ஏறுகிறது! விளைவு, நாற்பது வருடம் தாக்குப்பிடித்த மெமரி சிப்புகள் ஒரே ஸ்விட்சில் காலி. புதுப் பவர் சப்ளை ஒன்று வாங்கினால் இந்தப் பயமே இல்லை. வோல்ட்டேஜ் ஏறினால் இணைப்பைத் துண்டிக்கும் சின்ன பாதுகாப்புப் போர்டுகளும் கிடைக்கின்றன.

ஆமிகாவுக்கு எதிரி பேட்டரி. கடிகாரம் ஓடுவதற்காக ஆமிகா 500இன் மெமரி அட்டையிலும், ஆமிகா 500 பிளஸ், 2000, 4000 மாடல்களில் மதர்போர்டிலேயேயும் நிக்கல் காட்மியம் பேட்டரியைச் சால்டர் செய்து வைத்தார்கள். அது கசியும். கசிந்த காரம் போர்டில் உள்ள செம்பு இழைகளைத் தின்றுவிடும். பரணில் பத்திரமாக இருக்கிறது என்று ஓனர் நினைத்துக்கொண்டிருப்பார். உள்ளே அது பச்சை பூத்துச் செத்துக்கொண்டிருக்கும். இதற்கு வைத்தியம் என்ன? பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, வினிகரால் துடைத்துக் கழுவுவது. கடிகாரம் வேண்டுமென்றால் கசியாத வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம். செலவு மிகக் குறைவு.

ஆமிகா 600, 1200, 4000 மாடல்களில் இன்னொரு வில்லன், கெப்பாசிட்டர். போர்டின் மேல் ஒட்டினாற்போல் இருக்கும் அந்தக் குட்டி டப்பாக்களிலிருந்து திரவம் கசிகிறது. சால்டரிங் அயர்ன் வைத்துக் கழற்றும்போது மீன் வாடை அடிக்கும் என்று ரிப்பேர் செய்பவர்கள் சொல்வது வழக்கம். அந்த வாடை வந்தால் வைத்தியம் சரியான நேரத்தில் நடக்கிறது என்று அர்த்தம். வராமல் விட்டு வைத்தால் இன்னும் சில வருடத்தில் போர்டே இருக்காது.

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1984இல் இந்திய அரசு பள்ளிகளுக்காக "கிளாஸ்" என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டம் தொடங்கியபோது கொடுத்தது பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தின் ஏக்கார்ன் கம்பெனி 1981இல் வெளியிட்ட மெஷின். ஏதாவது ஒரு பள்ளியின் ஸ்டோர் ரூமில் ஒன்று இன்னும் தூசியோடு கிடக்கலாம். கிடைத்தால் ஆர்வக் கோளாறில் உடனே பிளக்கில் சொருக வேண்டாம். அதன் பவர் சப்ளையில் மெயின்ஸ் பக்கம் இருக்கும் காகிதக் கெப்பாசிட்டர்கள் வெடித்துப் புகை கக்குவதற்குப் பேர் போனவை. முதலில் அதை மாற்ற வேண்டும். மெயின்ஸ் மின்சாரம் என்பதால் விவரம் தெரிந்தவர் கையால் மாற்ற வேண்டும். ஸ்விட்ச் எல்லாம் அதற்கப்புறம்.

கவனியுங்கள், இதுவரை சொன்ன எதுவும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. ஸ்கிரீனில் ஒரு மாற்றமும் வராது. வீடியோ எடுத்துப் போட்டால் யாரும் "வாவ்" சொல்ல மாட்டார்கள். இந்தச் செலவு தள்ளிப் போவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

இரண்டாவது செலவு: உபயோகிக்க

மெஷின் பிழைத்துவிட்டது. அடுத்து அதை நிம்மதியாக உபயோகிக்க வேண்டும்.

கமடோர் 64இன் 1541 ஃபிளாப்பி டிரைவ் பிரசித்தி பெற்ற ஆமை. நொடிக்குச் சுமார் 400 பைட்டுதான் படிக்கும். 40 கேபி அளவுள்ள ஒரு கேமை லோடு செய்ய நூறு நொடிக்கு மேல். இதைச் சரி செய்ய 1980களிலேயே ஜிஃபிடாஸ் என்ற ஒன்று வந்தது. கம்ப்யூட்டருக்குள்ளும் டிரைவுக்குள்ளும் இருக்கும் ராம் அல்ல, "ரோம்" சிப்பைக் கழற்றிவிட்டு இதைச் சொருக வேண்டும். இரண்டும் பேசிக்கொள்ளும் முறையே மாறி, லோடு ஆகும் வேகம் பத்து மடங்கு வரை கூடும். பிராசஸரின் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வெறும் மென்பொருள் மாற்றத்தில் இவ்வளவு வித்தியாசம்! பழைய சிப்பை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், வேண்டும்போது திரும்பச் சொருகிக்கொள்ளலாம். நல்ல அப்கிரேடுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

இப்போது ஃபிளாப்பி டிஸ்க்குகளே பூஞ்சை பிடித்துப் போகிற காலம். அதனால் டிரைவ் மாதிரியே நடிக்கும் எஸ்டி கார்டு கருவிகள் வந்திருக்கின்றன. ஆமிகாக்காரர்களுக்கு கோடெக் என்ற யூஎஸ்பி டிரைவ். பழைய ஃபிளாப்பியை நம்பியிருந்த தொழிற்சாலை மெஷின்களுக்காக வந்த கருவி அது. அதற்கு ஆர்வலர்கள் எழுதிய ஃபர்ம்வேரைப் போட்டால் ஆமிகாவுக்குப் பொருந்திவிடும். ஒரே பென் டிரைவில் நூற்றுக்கணக்கான டிஸ்க்குகள்.

இங்கேதான் ஒரு விபத்து நடக்கும். கோடெக்கின் பட்டனும் குட்டி டிஸ்ப்ளேயும் ஆமிகாவின் பழைய ஓட்டைக்குச் சரியாகப் பொருந்தாது. உடனே சிலர் பாடியையே அறுத்துவிடுவார்கள். பத்து நிமிட அவசரத்துக்கு முப்பது வருடப் பிளாஸ்டிக் பலி. கொஞ்சம் பொறுத்தால் 3டி பிரிண்டரில் செய்த பிராக்கெட் வாங்கி, அறுக்காமலேயே மாட்டியிருக்கலாம். போர்டில் போட்ட சால்டரைக்கூட எடுத்துவிடலாம். அறுத்த பிளாஸ்டிக் ஒட்டாது.

ஆபரேட்டிங் சிஸ்டமும் இந்தக் கணக்கில் வரும். ஆமிகா 1200இல் சின்ன ஐடிஇ ஹார்ட் டிஸ்க் மாட்டலாம். இன்று அந்த இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டைப் போடுகிறார்கள். சத்தம் இல்லை, சூடு இல்லை. ஆனால் பழைய சிஸ்டம் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது. 1990களின் தொடக்கத்தில் வீட்டில் அவ்வளவு பெரிய டிஸ்க் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. 2018இல் வந்த ஆமிகா ஓஎஸ் 3.1.4 பதிப்பில் அதற்குத் தீர்வு இருக்கிறது. 2021இல் 3.2 வந்தது. கம்பெனி திவாலாகி 27 வருடம் கழித்து அதன் கம்ப்யூட்டருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம்! இன்று ஐந்து வருடப் பழைய போனுக்கே அப்டேட் நின்றுவிடுகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் ஒரு சோகமும் உண்டு. அந்த ஓஎஸ் மீது யாருக்கு உரிமை என்று அதை வெளியிட்ட ஹைப்பீரியனுக்கும், பழைய கமடோர் காப்பிரைட்டுகளை வைத்திருந்த குளோவாண்டோவுக்கும் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஒரு திவாலின் சொத்துகள் துண்டு துண்டாகக் கைமாறினால் என்ன ஆகும் என்று வணிகச் சட்டப் பாடத்தில் உதாரணம் கேட்டால் தாராளமாக இதைச் சொல்லலாம். மெஷின் ஓனர் கையில் இருக்கிறது, அதற்கு உயிர் தருகிற மென்பொருள் வக்கீல்கள் கையில் இருக்கிறது.

இதெல்லாம் எப்படிச் சாத்தியமானது? அந்த மெஷின்களைத் திறக்க முடிந்தது, அதனால்தான். கமடோர் 64இன் புரோகிராமர்களுக்கான கைடு புத்தகத்தின் கடைசியில் முழு சர்க்யூட் படமும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. பல சிப்புகள் சாக்கெட்டில் இருந்தன. பின்பக்கம் கார்ட்ரிட்ஜ் சொருக இடம் இருந்தது. கம்பெனி தெரிந்தோ தெரியாமலோ அடுத்த நாற்பது வருடத்துக்கான சாவியை ஓனர் கையில் கொடுத்துவிட்டுச் செத்துப்போனது.

கடைசிச் செலவு: வேகம்

வேகத்தின் மேல் ஆசை புதிதல்ல. 1996லேயே கமடோர் 64க்கு 20 மெகாஹெர்ட்ஸ் சூப்பர்சிபியு என்ற கார்ட்ரிட்ஜ் வந்தது. ஆமிகாவுக்கு வேகப்படுத்தும் அட்டைகள் ஆரம்பத்திலிருந்தே உண்டு. அதனால் "வேகப்படுத்தினால் அசல் போய்விடும்" என்று புலம்புவது சரித்திரம் தெரியாத பேச்சு.

ஆனால் இப்போது வந்திருப்பது வேறு ரகம். பைஸ்டார்ம் என்ற சின்ன போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆமிகா 500இன் 68000 பிராசஸரைக் கழற்றிவிட்டு, அந்தச் சாக்கெட்டில் இதையும் ஒரு ராஸ்பெர்ரி பையையும் சொருக வேண்டும். பழைய பிராசஸராக அந்தப் பை நடிக்கும். வேகம் நூற்றுக்கணக்கான மடங்கு. மெமரி பையுடையது, டிஸ்க் பையின் எஸ்டி கார்டு, படம்கூட விரும்பினால் பையின் ஹெச்டிஎம்ஐ வழியாகவே வரும். ஆமிகாவுக்கு என்ன வேலை மிச்சம்? கீபோர்டு, சவுண்டு, பழைய கேம் ஓடும்போது அதன் படச் சிப்புகள். அவ்வளவுதான்.

இது தப்பா? இல்லை. கழற்றினால் பழைய பிராசஸரைத் திரும்பச் சொருகலாம். அந்தத் தேர்வில் இது பாஸ். பொறியியலாகப் பார்த்தாலும் அருமையான வேலை. ஆனால் ஆமிகா 500இன் மெமரி அட்டையில் பேட்டரி கசிந்துகொண்டிருக்க, மேலே ஒரு பைஸ்டார்மை மாட்டிவிட்டு "என் ஆமிகாவைக் காப்பாற்றிவிட்டேன்" என்று சொன்னால், அது அஸ்திவாரத்தில் கரையான் அரிக்கும் வீட்டுக்கு மொட்டை மாடியில் டைல்ஸ் போட்ட கதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மெஷின்களின் அழகு அவற்றின் போதாமையில் இருந்தது. 1986இல் ஜியோஸ் என்ற மென்பொருள், ஐகான், மெனு, மவுஸ் எல்லாவற்றையும் அந்த 64 கேபிக்குள் கொண்டுவந்து காட்டியது. இடம் இல்லாததால்தான் அந்தப் புத்திசாலித்தனம் தேவைப்பட்டது. காத்திருப்பைக் குறைக்கிற அப்கிரேடு இந்த ரசனையைத் தொடுவதில்லை. எல்லையையே எடுத்துவிடுகிற அப்கிரேடில் அது பார்வையிலிருந்து மறைந்துவிடும். அதனால்தான் அது கடைசி.

உடைத்து விற்கும் வியாபாரம்

காமர்ஸ் மாணவர்கள் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இது. ஒரு கம்பெனியை முழுதாக விற்பதைவிட அதன் நிலம், கட்டடம், மெஷின் என்று பிரித்து விற்றால் அதிகம் கிடைக்கும் என்றால் என்ன ஆகும்? யாராவது வாங்கிப் பிரித்துவிடுவார்கள். பழைய கம்ப்யூட்டருக்கும் இதே விதி.

கமடோர் 64இல் இருக்கும் சிட் என்ற ஒலிச் சிப்புக்கு இசைக்காரர்களிடம் தனி மவுசு. 1990களின் இறுதியில் ஸ்வீடனைச் சேர்ந்த எலெக்ட்ரான் கம்பெனி அதே சிப்பை வைத்து ஒரு சின்தசைசரே செய்து விற்றது. அந்தச் சிப் இப்போது புதிதாக உற்பத்தியாவதில்லை. ஆக, நன்றாக ஓடுகிற ஒரு கமடோரைப் பிரித்து, சிட் தனியாக, படச் சிப் தனியாக, கீபோர்டு தனியாக விற்கிறவர்களுக்கு நல்ல லாபம். ஒரு மெஷினைச் சரி செய்ய இன்னொரு மெஷின் பலி.

இதைத் தடுக்க அறிவுரை போதாது. மாற்றுப் பொருள் வேண்டும். இங்கேதான் புதுத் தயாரிப்புகள் பழைய மெஷின்களுக்குப் பெரிய உபகாரம் செய்கின்றன. சிட் சிப்பைப் போல ஒலி தரும் ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் போன்ற மாற்றுச் சிப்புகள் இருக்கின்றன. செத்த சிட்டுக்குப் பதில் இதை வாங்குகிற ஒவ்வொருவரும் எங்கோ இருக்கும் ஒரு முழு மெஷினைப் பிழைக்க வைக்கிறார்கள். "அசல் சிப்தான் வேண்டும்" என்று அடம் பிடிப்பவர்தான் அசலின் எண்ணிக்கையைக் குறைக்கிறார். வேடிக்கையாக இருந்தாலும் சந்தையின் தர்க்கம் இதுதான். அப்படியும் அசல் சிப்தான் என்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். பழைய 6581 ரகத்துக்கு 12 வோல்ட், பின்னால் வந்த 8580 ரகத்துக்கு 9 வோல்ட். மாற்றிச் சொருகினால் இருக்கிற அசலும் போச்சு.

முழுப் போர்டுக்கும் இதே கதை. வேண்டியபடி உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும் எஃப்பிஜிஏ சிப்பை வைத்து, கமடோர் 64இன் மொத்த மதர்போர்டையும் அல்டிமேட் 64 என்று புதிதாகவே செய்துவிட்டார்கள். 2025இல் கிறிஸ்டியன் சிம்ப்சன் என்ற யூட்யூபரின் குழு கமடோர் என்ற பெயரையே வாங்கி, அந்தத் தொழில்நுட்பத்திலேயே கமடோர் 64 அல்டிமேட் என்று புது மெஷினை அறிவித்தது. ஆரம்ப விலை 299 டாலர். "இதெல்லாம் அசல் இல்லை" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அசல் இல்லைதான். ஆனால் தினமும் விளையாட, பரிசோதனை செய்ய, ஹெச்டிஎம்ஐயில் பார்க்க ஒரு புதுசு இருந்தால், பழசை அறுக்கவும் துளைக்கவும் காரணமே இல்லாமல் போகிறது. வேகமும் வசதியும் வேண்டும் என்பவர்கள் புதுசை வாங்கட்டும். பழசு பழசாகவே இருக்கட்டும்.

"என் பணம், என் மெஷின்"

இந்த இடத்தில் ஒரு எதிர்ப்பு வரும். காசு கொடுத்து வாங்கியவருக்கு அறுக்கவும் உடைக்கவும் உரிமை இல்லையா? சட்டப்படி தாராளமாக உண்டு. பாட்டியின் வெண்கலப் பானையை எடைக்குப் போடவும் பேரனுக்கு உரிமை உண்டு. போட்ட பிறகு அதே பானை எந்தக் கடையிலும் கிடைக்காது என்று மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

இன்னொரு எதிர்ப்பு: எமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கும்போது இவ்வளவு சிரமம் எதற்கு? நல்ல கேள்வி. கேம் விளையாட மட்டும் என்றால் எமுலேட்டரே போதும், ஒரு பைசா செலவில்லை. ஆனால் எமுலேட்டர் சரியாக நடிக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க அசல் மெஷின் ஒன்றாவது ஓட வேண்டும். மாற்றுச் சிப் செய்கிறவர்களும் அசலை அளந்து பார்த்துத்தான் செய்கிறார்கள். அசல்கள் எல்லாம் தீர்ந்துவிட்டால் நகல் சரியா தப்பா என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

ஆகவே பழைய மெஷின் ஒன்று கைக்கு வந்தால் செலவுப் பட்டியலின் முதல் வரியில் பவர் சப்ளை, பேட்டரி, கெப்பாசிட்டர். இரண்டாவது வரியில் எஸ்டி கார்டும் புது ரோமும். வேகம் மூன்றாவது, அதுவும் காசு மிச்சமிருந்தால். கழற்றிய ஒவ்வொரு சிப்பும் ஒரு டப்பாவில், மேலே ஒரு சீட்டில் அது எந்தச் சாக்கெட்டிலிருந்து வந்தது என்ற குறிப்போடு. அடுத்து அந்த மெஷினைத் திறக்கப் போகிறவருக்கு அந்த டப்பா எந்த அப்கிரேடையும்விடப் பெரிய உதவி.